அரிப்பு அடங்கினால் பேன் செத்துவிடுமா?

"சங்கத்துக்கு வேற வேல இல்லையா? பேன் பாக்கவா மாசாமாசம் சம்பளத்துல சந்தா வெட்டுறாங்க?"

போன கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தோழர் இப்படிக் கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆயிரம் ரூபாவுக்காக வருஷக்கணக்கில் ரோட்டில் நின்ற மனிதர்; 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தபோது பட்டாசு கொளுத்தியவர். சம்பளம், வீடு, காணி என்று பேச வேண்டிய இடத்தில் பேன் எப்படி வந்தது என்பதுதான் அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. பதிலை ஒரு பிள்ளையின் பிடரியிலிருந்து தொடங்குகிறோம்.

உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் நாங்கள் படிப்பிக்கிறோம். நாலாம் ஆண்டில் ஒரு பெண்பிள்ளை. பெயர் வேண்டாம். வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னால் முதலில் எழும்புகிற பிள்ளை. ஐப்பசி மழை பிடித்த நாளிலிருந்து தலையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. அடுத்த கிழமை பார்த்தால் எல்லாம் அடங்கி, தோல் துப்புரவாக இருந்தது. அம்மாவிடம் கேட்டோம். டவுன் பாமசி ஒன்றில் ஒரு டியூப் வாங்கிப் பூசினாராம். "நல்ல மருந்து டீச்சர், ரெண்டே நாள்ல அடங்கிருச்சி" என்றார். எங்களுக்கும் சந்தோஷம். அந்த டியூப்பை வாங்கிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. முதல் பிழை எங்களுடையது.

தை மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் தலையில் துவாய் கட்டி வந்தாள். பிடரித் தோல் வெங்காயச் சருகு மாதிரி மினுமினுத்தது. உள்ளே ஓடுகிற சிறிய இரத்த நாளங்கள் தெரிந்தன. அங்கங்கே வெளுத்த திட்டுகள். தலைக்குள் சீழ் கட்டிக் காய்ந்து முடி சடையாக ஒட்டியிருந்தது. காதுக்குப் பின்னால் நெல்லிக்காய் மாதிரி நெறி கட்டியிருந்தது. பேன்? வெள்ளைத் துணியை விரித்து ஒருமுறை வாரினோம், எள்ளைக் கொட்டியதுபோல் விழுந்தன. அந்த இரண்டரை மாதத்தில் மூன்று டியூப் முடிந்திருந்தது. அரிக்கும்போதெல்லாம் பூசியிருக்கிறார்கள், பூசினால் அடங்கும், விட்டால் முன்னையைவிடக் கூட அரிக்கும், மறுபடி டியூப்.

வகுப்பில் "பேன்காரி" என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்களில் ஒருவர் அவளைக் கடைசி வாங்குக்கு அனுப்பினார். அதன்பிறகு இரண்டு கிழமை பிள்ளை வரவேயில்லை. நாங்கள் லயத்துக்குப் போனபோது காம்பராவின் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்த டொக்டர் முதலில் தலையைப் பார்க்கவில்லை. "என்ன பூசினீங்க?" என்றுதான் கேட்டார்.

அந்த டியூப்பில் இருந்தது பெட்டாமெதசோன். தோட்டத்தில் பல வீடுகளில் "பெட்னோவேட்" என்ற பெயரால் அறியப்படுகிற அதே மருந்து வகை. ஸ்டீரொய்ட் க்ரீம். அதில் பேனைக் கொல்லுகிற சத்து ஒரு துளியும் கிடையாது.

பேன் கடித்தால் ஏன் அரிக்கிறது என்று முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பேன் நாளைக்குப் பலமுறை இரத்தம் குடிக்கிறது. குடிக்கும்போது தன் எச்சிலைத் தோலுக்குள் விடுகிறது. அந்த எச்சில் நம் உடம்புக்கு அந்நியம். உடம்பு அதை எதிரி என்று அடையாளம் கண்டு சண்டைக்கு நிற்கிறது. அந்தச் சண்டைதான் அரிப்பு, சிவப்பு, பொரிப்பு. முதல்முறை பேன் பிடிக்கிற பிள்ளைக்கு உடம்பு இதைப் படித்துக்கொள்ள நாலு முதல் ஆறு கிழமை எடுக்கலாம். ஆகவே பிள்ளை சொறியத் தொடங்குகிற நாளில் பேன் வந்து ஒரு மாதம் தாண்டியிருக்கக்கூடும். அதற்குள் பக்கத்தில் படுக்கிற தங்கச்சிக்கும் அம்மாயிக்கும் போயிருக்கும். சில பிள்ளைகளுக்குப் பேனே போகாத இடமான கழுத்து, தோள், முதுகிலும் பொரியும். அதுவும் அதே சண்டையின் எதிரொலிதான்.

ஸ்டீரொய்ட் இந்தச் சண்டையை நிறுத்துகிறது. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கிற சுரப்பி நம் உடம்பிலேயே இதுபோன்ற ஒன்றைச் சுரக்கிறது. அதைக் கண்டறிந்து மருந்தாக்கியதற்காக 1950இல் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் என்ற மூவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். 1952இல் அமெரிக்காவில் சுல்ஸ்பேர்கர், விட்டன் என்ற இரண்டு தோல் வைத்தியர்கள் அதைக் களிம்பாகப் பூசினால் கரப்பான் போன்ற நோய்கள் அடங்கும் என்று காட்டினார்கள். அது பெரிய காரியம். ஆஸ்துமாவில் மூச்சு முட்டுகிற நம் பிள்ளைகளை இதே குடும்பத்து மருந்துதான் காப்பாற்றுகிறது. மருந்தை நாங்கள் திட்டவில்லை. பேன் செத்த பிறகும் பிடரியில் கரப்பான் மாதிரிப் பொரிப்பு நின்றால், டொக்டரே மெல்லிய வகை ஒன்றைச் சில நாளுக்கு எழுதித் தருவதுண்டு.

ஆனால் திருடன் வந்திருக்கிறான் என்று நாய் குரைக்கிறது. நாயின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தால் என்ன நடக்கும்? பேன் அதே இடத்தில் இருக்கிறது, முட்டை போடுகிறது, ஏழு முதல் பத்து நாளில் ஈர் பொரிக்கிறது, இன்னும் ஒன்பது பத்து நாளில் குஞ்சு பெரிதாகித் தானும் முட்டை போடுகிறது. நாய் மட்டும் குரைக்கவில்லை.

வாயைக் கட்டியதால் வருகிற மற்றக் கேடு இன்னும் மோசம். சொறிந்த புண்ணில் கிருமி ஏறும்போது அதையும் உடம்பு எதிர்க்க முடியாமல் போகிறது. படர்தாமரை உள்ள இடத்தில் இதைப் பூசினால் மேலே சிவப்பு மறைந்து அடியில் படர்ந்துகொண்டே போகும். பிறகு டொக்டருக்கே அடையாளம் காணக் கஷ்டம். சொறி சிரங்கும் அப்படித்தான் மறையும். தொடர்ந்து பூசிய இடத்தில் தோல் மெலியும், நிறம் வெளுக்கும், வரிவரியாக வெடிப்பு விழும். விழுந்த வரி பெரும்பாலும் போகாது. கண்ணைச் சுற்றிப் பூசினால் கண்ணுக்குள் அழுத்தம் கூடலாம், புரை வரலாம். பிள்ளைகளுக்கு ஆபத்து கூட. அவர்களுடைய எடையோடு பார்க்கும்போது தோலின் பரப்பு அதிகம்; பூசுவதில் கூடுதல் பங்கு இரத்தத்துக்குள் போகிறது.

சீழ் வைத்த தலையைப் பற்றி ஒன்று. பேன் கடித்த இடத்தைச் சொறிந்து வருகிற புண்ணில் ஏறும் ஒருவகைக் கிருமி, சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று கிழமை கழித்துச் சிறுநீரகத்தைத் தாக்கும். காலையில் முகமும் கண்ணும் ஊதியிருக்கும். சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போகும். அப்படிக் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பேன்தானே என்று விடுகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சரி, அந்தத் தாய் ஏன் டியூப்பை வாங்கினார்? படிக்காத சனம், சொன்னால் விளங்காது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பெரிய ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்கு நுவரெலியாவுக்குப் போகவேண்டும். ராகலை, புரூக்சைட், கந்தப்பளை என்று பஸ் சுற்றிப்போய்ச் சேரும்போது நம்பர் முடிந்திருக்கும். ஒரு நாள் பேர் போகும். பஸ் காசு இரண்டு பேருக்கு. பிள்ளைமடுவத்தில் விட முடியாத கைக்குழந்தை இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு போகவேண்டும். பாமசியில் அஞ்சு நிமிஷம். "பேன் கடி, அரிக்குது" என்றால் டியூப் கைக்கு வருகிறது. யார், எத்தனை வயது, எத்தனை நாள் பூசுவது, எதுவும் கேட்பதில்லை. டொக்டரின் துண்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து அது. 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை என்று ஒன்று அமைத்திருக்கிறார்கள். சட்டம் கொழும்பில் இருக்கிறது. டியூப் உடப்புசல்லாவையில் இருக்கிறது.

இந்தத் தேயிலைக்கு ஒரு காலம் நானுஓயாவிலிருந்து ராகலை வரை சின்ன ரயிலே போட்டார்கள். பெட்டி கெடாமல் போய்ச் சேரவேண்டும் என்ற அக்கறை. தொழிலாளிக்கு வைத்தியம் பார்க்கவேண்டும் என்று தோட்டங்களுக்குச் சட்டம் வந்தது 1872இல், கோப்பிக் காலத்தில். 150 வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் எத்தனை டிஸ்பென்சரிகளில் பேனுக்குரிய லோஷன் இருக்கிறது? இரண்டு மூன்று தோட்டத்துக்கு ஒரே வைத்திய உதவியாளர் ஓடித்திரிகிற இடங்களும் உண்டு. அந்த மனிதரையும் குறை சொல்ல மனம் வரவில்லை.

நிருவாகத்திடம் போனால் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: "உங்க ஆளுங்க துப்புரவா இருந்தா பேன் வராது."

இந்தப் பொய்யைத்தான் முதலில் உடைக்கவேண்டும். பேனுக்கு அழுக்கும் ஒன்று, துப்புரவும் ஒன்று. அது தேடுவது இரத்தத்தை. பறக்காது, பாயாது, ஒரு தலைமுடி இன்னொரு தலைமுடியில் படும்போது நடந்து போகும். தலையைவிட்டு விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். கொழும்பில் பெரிய பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பேன் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கிறது, இங்கிலாந்தில் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம், பேன் இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பவேண்டாம் என்றே சொல்கிறது. அப்படியானால் லயத்தில் ஏன் இவ்வளவு? ஒரு காம்பராவில் ஏழு பேர். மார்கழிப் பனியில் ஒரே கம்பளிக்குள் நாலு தலை ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கிறது. பேனுக்கு இதைவிட நல்ல ரோடு யார் போட்டுக் கொடுப்பார்கள்? எங்கள் தலையில் பேன் இருப்பதற்குக் காரணம் எங்கள் கை அழுக்கல்ல, காம்பராவின் அளவு. இப்போது சொல்லுங்கள் தோழரே, இது வீட்டுப் பிரச்சினையா, இல்லையா?

மண்டபம் முகாமில் நம் பாட்டன் பூட்டனை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பரிசோதித்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். அன்றைக்கு ஒட்டிய "அழுக்குக் கூலி" என்ற முத்திரை இன்றைக்கும் நம் பிள்ளையின் கடைசி வாங்கில் இருக்கிறது. அந்த வாங்குக்கு அனுப்பியவர்கள் துரைமார் அல்ல. ஆசிரியர்களாகிய நாங்கள்தான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறோம்.

இந்தியாவிலும் இதே கூத்து நடந்தது. முகம் வெளுக்கவும், அரிப்புக்கும், படர்தாமரைக்கும் என்று ஸ்டீரொய்ட் கலந்த டியூப்புகள் பெட்டிக்கடை வரை போயின. தோல் வைத்தியர்களின் சங்கம் வருஷக்கணக்கில் கத்தியது. கெட்டுப்போன முகங்களின் படங்களைக் காட்டியது. கடைசியில் 2018இல் அரசாங்கம் இந்தக் களிம்புகளை டொக்டரின் துண்டு இல்லாமல் விற்கமுடியாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அங்கே இன்னும் விற்கிறார்கள்தான். ஆனால் ஒரு சங்கம் கத்தினால் அரசாங்கம் அசையும் என்பதற்கு அது சாட்சி. நம் நாட்டிலேயே பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, தேவையான மருந்து தேவையான ஆளுக்கு நியாய விலையில் போகவேண்டும் என்று நின்றார். தேவையில்லாத மருந்து போகக்கூடாது என்பதும் அதில் அடங்கும்.

இனி வீட்டில் செய்யவேண்டியது. இதை அம்மாமார்களுக்கு மட்டும் சொல்லவில்லை, அப்பாமார்களும் வாசிக்கவும்.

பேனுக்கு மருந்து 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன். தலையைக் கழுவித் துடைத்து, ஈரம் இருக்கும்போதே தலை முழுக்கப் பூசி, 10 நிமிஷம் வைத்துக் கழுவவேண்டும். ஈருக்குள் இருப்பது முதல் பூச்சில் முழுக்கச் சாகாது. ஆகவே ஒன்பதாம் நாள் மறுபடி. இரண்டாவது பூச்சை விட்டவர்கள்தான் "மருந்து வேல செய்யல" என்று சொல்கிறவர்கள். சொறி சிரங்குக்குத் தருகிற 5 சதவீதக் க்ரீம் வேறு, குழப்பிக்கொள்ளவேண்டாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசக்கூடாது. மருந்துக்குக் காசில்லை என்றால் பேன்சீப்பு இருக்கிறது. ஈரத் தலையில் தேங்காய் எண்ணெய் நிறையத் தேய்த்து, நெருங்கிய பல்லுள்ள சீப்பால் வேரிலிருந்து நுனிவரை, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்து வாரவேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை, இரண்டு கிழமைக்கு மேல் விடாமல். கைவலி வேலை. ஆனால் பலிக்கும். காம்பராவில் உள்ள எல்லாத் தலையையும் ஒரே நாளில் பார்க்கவேண்டும். ஒரு தலையை விட்டால் பத்து நாளில் பழைய கதை. தலையணை உறையைக் கொதிநீரில் போடுங்கள், போதும். வீடு முழுக்கக் கழுவி முதுகை உடைக்கவேண்டாம்.

மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். தோல் வெந்துபோகும், அடுப்புப் பக்கம் போனால் தீ பிடிக்கும். மலைக்கு அடிக்கிற பூச்சிமருந்தைத் தலையில் வைப்பதை நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். அது உயிரை எடுக்கும். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுகிறவர்கள் உண்டு. பேன் சாகலாம், ஆனால் அந்தச் சாறு கண்ணில் வடிந்தால் கருவிழி புண்ணாகும். பெண்பிள்ளைக்கு மொட்டை அடிக்கிற அவசரமும் வேண்டாம்.

ஏற்கெனவே பல மாதமாக டியூப் பூசிக்கொண்டிருக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் பயத்தில் இன்றைக்கே தூக்கி எறியவேண்டாம். நெடுநாள், நிறைய இடத்தில் பூசியிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் கெடுதல். உடம்பு தானாகச் சுரக்கிறதைக் குறைத்திருக்கக்கூடும். டியூப்பை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். வெட்கப்பட்டு டியூப்பை மறைக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் அம்மா மறைக்கவில்லை. அதனால்தான் டொக்டருக்கு உடனே விளங்கியது.

சங்கம் கேட்கப்போவது இவைதான். ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் பெர்மெத்ரின் லோஷனும் பேன்சீப்பும் இலவசமாக இருக்கவேண்டும். வாங்கிக் கொடுக்கவேண்டியது நிருவாகம். பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகிற நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ பேர் போடவேண்டும். இதைக் கேட்கும்போது துரை சிரிப்பார், சிரிக்கட்டும். பிரசவ லீவு கேட்டபோதும் சிரித்திருப்பார்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் ஆண்டுகளுக்கு நடக்கவேண்டும், சின்னப் பாடசாலை என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும். அதை வருஷம் தவறாமல் நம் தோட்டப் பாடசாலைகளுக்குக் கொண்டுவரவும், பிள்ளைகளின் தலையைப் பார்க்கவும், தமிழில் விளக்கம் சொல்லவும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். துண்டில்லாமல் ஸ்டீரொய்ட் விற்கிற கடைகளைப் பரிசோதிக்கும்படி இன்னொரு கடிதம். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை; ஒரு கடையைத் திட்டிவிட்டு மற்ற எல்லோரையும் நல்லவர்களாக்க விருப்பமில்லை.

ஆசிரியர் சங்கத்திலும் பேசியிருக்கிறோம். பேன் உள்ள பிள்ளையைத் தனியாக உட்காரவைப்பதை எங்கள் பாடசாலையில் நிறுத்திவிட்டோம். அந்தப் பிள்ளை திரும்பி வந்துவிட்டாள். புண் ஆறிவிட்டது, தலை சுத்தம். வெளுத்த திட்டு இன்னும் போகவில்லை. போக மாதக்கணக்காகும் என்றார் டொக்டர். கொண்டையைத் தாழ்த்திக் கட்டி அதை மறைத்துக்கொள்கிறாள்.

இந்த மாதச் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைமடுவத்தில் தலை வாருகிறோம். ஆம்பிளைப் பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோரும் வரலாம். சீப்பு சங்கத்தின் செலவு. எண்ணெயும் ஒரு வெள்ளைத் துணியும் கொண்டு வாருங்கள். வீட்டில் பாதி பிதுக்கிய டியூப் எது இருந்தாலும், பெட்டி கிழிந்திருந்தாலும், கொண்டு வாருங்கள். பெயரையும் எங்கே வாங்கியது என்பதையும் எழுதி, இரண்டாவது கடிதத்தோடு சேர்த்து அனுப்பவேண்டும். சந்தா பற்றிக் கேட்ட தோழர் தன் பேத்திமார் மூன்று பேரையும் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் இரண்டு டியூப் இருக்கிறதாம்.